முத்திரையும் எச்சரிக்கையும்

2013-ஆம் ஆண்டில் ஒரு நாள், கட்டணம் ஒன்றைச் செலுத்துவதற்காக எங்கள் ஊரிலிருந்த ஒரு நிலையத்துக்குச் சென்றிருந்தேன். மக்கள் தாமே பயன்படுத்துவதற்கென அங்கே ஒரு கணினி வைத்திருந்தார்கள். அதற்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. "சிவப்புப் பக்கம் வந்தால் அஞ்ச வேண்டா, 'எப்படியும் தொடர்க' என்பதை அழுத்துக" என்பது அதன் வாசகம். எனக்கு முன் நின்ற முதியவர் அவ்வாறே அழுத்தினார். நானும் அழுத்தினேன். அழுத்திவிட்டு, வங்கி அட்டையின் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான், அந்தச் சிவப்புப் பக்கம் நம்மிடம் என்ன சொல்ல வந்தது என்னும் ஐயம் எழுந்தது. காலங்கடந்து வந்த அந்த ஐயமே இன்றைய பேச்சுக்கு வித்து.

அசோகவனத்தில் சீதையின் முன் ஒரு வானரம் வந்து நின்று, தான் இராமனின் தூதன் என்றது. மாறுவேடத்தின் கொடுமையை அறிந்தவள் சீதை. ஆகவே ஐயுற்றாள், அடையாளங்களைக் கேட்டாள், கணையாழியையும் கண்டாள். அதன் பின்னரே அவள் ஐயம் முழுதும் நீங்கிற்று. இணையத்தளம் ஒன்று நம் கணினிக்கு அனுப்பும் சான்றிதழும் ஒரு கணையாழியே. ஆனால் சீதைக்கு இராமனின் மோதிரம் தெரியும். நமக்கு வங்கியின் மோதிரம் தெரியாது. எனவே நமக்காக உலாவி என்னும் மென்பொருள் அதனைச் சோதிக்கிறது. சான்றிதழில் தளத்தின் பெயர் இருக்கும். அதன் மறையாக்கத்துக்குரிய பொதுத் திறவுகோல் இருக்கும். எந்நாள் முதல் எந்நாள் வரை செல்லும் என்ற வரையறை இருக்கும். இவற்றுக்கெல்லாம் உறுதி கூறி ஒரு சான்றளிப்பு நிறுவனம் இட்ட கையொப்பமும் இருக்கும். நம்பத்தக்க நிறுவனங்களின் பட்டியல் ஒன்று நம் கணினியிலேயே உள்ளது. பெயர் மாறினாலோ, நாள் கடந்தாலோ, கையொப்பமிட்டவர் பட்டியலில் இல்லாவிட்டாலோ எச்சரிக்கை எழும். வங்கிக்கும் நமக்கும் இடையே ஒருவன் மறைந்து நின்று, தானே வங்கி என்று நடிக்கும்போதும் அதே எச்சரிக்கைதான் எழும். தவறிப்போன காகிதத்துக்கும் வந்துநிற்கும் கள்வனுக்கும் ஒரே மணியை அடிக்கும் காவலன் என்று இதனைச் சொல்லலாம். இந்த வரலாற்றின் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

சான்றிதழின் வடிவம் நாம் நினைப்பதைவிடப் பழையது. தந்தி, தொலைபேசி ஆகியவற்றுக்கான பன்னாட்டுக் குழு 1988-இல் அதனை வகுத்தது. அப்போது உலகளாவிய வலை என்பதே பிறக்கவில்லை. 1995-இல் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியில் எஸ்.எஸ்.எல். என்னும் பாதுகாப்பு முறையைச் சேர்த்தபோது இவ்வடிவம் வலைக்குள் புகுந்தது. கடன் அட்டையின் எண்ணை அஞ்சாமல் அனுப்பச் செய்து வாணிகத்தை வளர்ப்பது அதன் நோக்கம். சான்றிதழ் விற்பதையே தொழிலாகக் கொண்ட வெரிசைன் நிறுவனமும் அதே ஆண்டில் தோன்றியது.

தொடக்க காலத்து எச்சரிக்கைகள் சிறு பெட்டிகளாக வந்தன. 2001-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஆறாம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். சான்றிதழை வழங்கியவர் நம்பத்தக்கவரா, நாள் சரியா, பெயர் பொருந்துகிறதா என்ற மூன்றையும் அது வரிசையாகச் சொல்லும், முடிவில், "தொடர விரும்புகிறீர்களா?" என்று கேட்கும். 'ஆம்', 'இல்லை', 'சான்றிதழைக் காண்க' என மூன்று பொத்தான்கள். பார்வைக்கு இது நேர்மையான ஏற்பாடே. உள்ளதை உள்ளவாறு கூறி, முடிவை நம்மிடம் விட்டுவிடுகிறது. ஆனால் கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது என்று பாருங்கள். மருந்துக் கடையில் நிற்பவனிடம், "இம்மருந்தின் வேதியியற் கூறு ஐயத்துக்குரியது, உட்கொள்கிறீரா?" என்று கேட்பதைப் போன்றது அது. விடை அறியாதவன் 'ஆம்' என்பான். வந்த வேலை முடிய வேண்டுமே!

2006-இல் அதே உலாவியின் ஏழாம் பதிப்பு, பெட்டியை விடுத்து முழுப் பக்கத்தையே எச்சரிக்கையாக்கியது. தொடர்வது பரிந்துரைக்கத் தக்கதன்று என்றும் சொல்லிற்று. 2008 ஜூன் மாதத்தில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் மூன்றாம் பதிப்பு இன்னும் கடுமை காட்டியது. கடவுச்சீட்டுச் சோதிக்கும் அதிகாரியின் உருவத்தை அடையாளமாகக் கொண்ட அவ்வுலாவியில், விலக்கு வேண்டுவோர் நான்கு முறை வெவ்வேறு இடங்களில் சொடுக்க வேண்டியிருந்தது. கூக்குரல் எழுந்தது. தமக்குத் தாமே சான்றிதழ் எழுதிக்கொண்ட சிறு தளத்தார் மிகவும் சினந்தனர். அவர்கள் வாதத்தில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். மறையாக்கமே இல்லாத தளத்துக்குப் போகிறவனை உலாவி ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டது. மறையாக்கம் இருந்தும் கையொப்பம் மட்டும் இல்லாத தளத்தின் வாயிலில் ஊரைக் கூட்டியது. கதவே இல்லாத வீட்டைக் கண்டும் காணாமற்போய், பூட்டில் முத்திரை இல்லாத வீட்டின் முன் சீழ்க்கை ஊதும் காவலனை யார் மதிப்பார்?

அடுத்த ஆண்டு, கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். ஓநாய் வந்ததென்று பொய்க்குரல் எழுப்பிய ஆட்டிடையனை நினைவூட்டும் தலைப்பு. நம் பக்கத்துக் கதையில் அது புலி. நூறு பேரை ஆய்வகத்தில் அமர்த்தி, வெவ்வேறு எச்சரிக்கைகளைக் காட்டிப் பார்த்தார்கள். அவர்களே புதிதாக வரைந்தவை பழையவற்றைவிட நன்றாகப் பயன்பட்டன; ஆயினும் எந்த எச்சரிக்கையைக் காட்டினாலும் பலர் ஆபத்தான வழியிலேயே சென்றனர். தீங்கற்ற இடங்களில் எச்சரிக்கையை ஒழிப்பதும், தீங்குள்ள இடங்களில் வழியையே அடைத்துவிடுவதும் நன்று என்ற முடிவுக்கு வந்தனர்.

இதெல்லாம் ஏட்டளவிலான வாதம் என்று எண்ணுவோர்க்கு 2011-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்றே போதும். நெதர்லாந்து நாட்டில் டிஜிநோட்டார் என்றொரு சான்றளிப்பு நிறுவனம் இருந்தது. அந்நாட்டு அரசுக்கே சான்றிதழ் வழங்கி வந்தது. அதன் கணினிகளுள் எவரோ ஊடுருவி, தம் விருப்பப்படி சான்றிதழ்களை எழுதிக்கொண்டனர். ஜூலை 10-ஆம் நாள் கூகுளின் பெயரால் ஒன்று பிறந்தது. சில நாள்களில் நிறுவனம் ஊடுருவலை அறிந்துவிட்டது. அறிந்தும் வாய் திறக்கவில்லை. அப்பொய்ச் சான்றிதழ் ஈரான் நாட்டு மக்களின்மேல் ஏவப்பட்டது. ஏறத்தாழ மூன்று இலட்சம் இணைய முகவரிகள் அதன் வலைக்குள் சிக்கின என்று பின்னர் நடந்த விசாரணை கண்டது. கையொப்பம் மெய்யானதாதலால் மற்ற உலாவிகள் யாதொன்றும் சொல்லவில்லை. கூகுளின் குரோம் உலாவி மட்டும், தன் நிறுவனத்தின் தளங்களுக்கு யார் யார் கையொப்பமிடலாம் என்பதைத் தனியே குறித்து வைத்திருந்தது. ஆகவே அது மறித்தது. ஆகஸ்டு இறுதியில், ஈரானில் இருந்த ஒருவர் அந்த எச்சரிக்கையைக் கண்டு, இஃது என்ன என்று கூகுளின் உதவிப் பகுதியில் எழுதிக் கேட்டார். அந்த ஒரு கேள்வியால் சூது வெளிப்பட்டது. உலாவிகள் எல்லாம் டிஜிநோட்டாரைத் தம் பட்டியலிலிருந்து நீக்கின. செப்டம்பரில் அந்நிறுவனம் நொடித்துப்போயிற்று. சிவப்புப் பக்கத்தைக் கண்டால் அஞ்ச வேண்டா என்ற தாள் அந்த மனிதரின் மேசைமேல் ஒட்டப்பட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று நான் சில வேளை எண்ணிப் பார்ப்பதுண்டு.

நம் நாடும் இவ்வகைத் தவறுக்கு விலக்கன்று. 2014 ஜூலையில், தேசியத் தகவலியல் மையத்தின் கையொப்பத்தோடு கூகுளின் பெயருக்கு உரிமையற்ற சான்றிதழ்கள் வெளிவந்திருந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. உடனே அம்மையத்தின் கையொப்ப உரிமை நீக்கப்பட்டது.

எச்சரிக்கையை மக்கள் உண்மையில் எவ்வாறு நடத்துகிறார்கள் என்பது பெரிய அளவில் தெரியவந்தது 2013-இல்தான். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் தோன்றிய இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட எச்சரிக்கைகளைக் கணக்கெடுத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. சான்றிதழ் எச்சரிக்கையைப் புறக்கணித்துச் சென்றமை ஃபயர்ஃபாக்ஸில் நூற்றுக்கு 33. குரோமிலோ நூற்றுக்கு 70. நான் அந்த நிலையத்தில் பொத்தானை அழுத்தியதும் அதே ஆண்டில்தான்; அந்தப் பெரும்பான்மையில் நானும் ஒருவன்.

இந்த எண்ணிக்கை குரோமை உருவாக்கியவர்களின் உறக்கத்தைக் கெடுத்திருக்க வேண்டும். அவர்கள் புதிய பக்கம் ஒன்றை வரைந்தார்கள். கலைச்சொற்கள் குறைந்தன; 'பாதுகாப்புக்குத் திரும்புக' என்னும் பொத்தான் பளிச்சென்று முன்னே நின்றது; தொடரும் வழியோ 'மேம்பட்டவை' என்னும் சொல்லுக்குப் பின்னே ஒதுங்கிற்று. 2015-இல் இதன் பயனை வெளியிட்டபோது, அவர்கள் மறைக்காமல் ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். மக்களுக்கு விளங்கும் எச்சரிக்கையை எழுதுவதே தங்கள் குறிக்கோள்; அதில் தோற்றுவிட்டார்கள். ஆனால் திரும்பிச் சென்றோர் தொகை நூற்றுக்கு முப்பது அளவுக்கு உயர்ந்தது. மக்கள் புரிந்துகொண்டு திரும்பவில்லை. பக்கத்தின் அமைப்பு அவர்களைத் திருப்பியது. இது சற்று வருத்தம் தரும் வெற்றிதான். விளக்கிச் சொன்னால் மனிதன் விளங்கிக்கொள்வான் என்று நம்பும் என்னைப் போன்றோர்க்கு இதனை ஏற்க மனம் வருவதில்லை. எனினும், கள்வன் கையில் கடவுச்சொல்லைக் கொடுத்த பிறகு விளங்கி என்ன பயன்?

இதற்கிடையே வேறு வழிகளும் திறந்தன. 2012-இல் வகுக்கப்பட்ட நெறியின்படி, ஒரு தளம் தனக்கு விலக்கே கூடாதென்று முன்னரே உலாவிக்கு அறிவித்துவிடலாம். அங்கே தொடரும் பொத்தானே தோன்றாது. 2015 டிசம்பரில் 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்னும் பொதுநல நிறுவனம் சான்றிதழை யார்க்கும் இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2018 ஜூலை முதல், மறையாக்கம் இல்லாத தளங்களைக் குரோம் 'பாதுகாப்பற்றது' என்றே குறித்தது. பத்தாண்டுகளுக்கு முன் சிறு தளத்தார் எழுப்பிய முறையீடு இவ்வாறு ஒருவகையாகத் தீர்ந்தது.

ஆயினும் பொய்யான மணி ஓயவில்லை. ஏன் ஓயவில்லை என்று 2017-இல் ஆராய்ந்தபோது, வியப்பான செய்தி ஒன்று வந்தது. பல எச்சரிக்கைகளுக்குக் காரணம் தளமுமன்று, கள்வனுமன்று. பயன்படுத்துவோரின் சொந்தக் கணினியில் ஓடும் பிழையான கடிகாரமே! சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டென்று சொன்னேன் அல்லவா? கணினி பழைய ஆண்டொன்றில் நின்றுவிட்டால், உலகத்துச் சான்றிதழ்கள் எல்லாம் அதன் கண்ணுக்கு இன்னும் பிறவாதவையே. இதற்கெனக் குரோம் தனிப் பக்கம் ஒன்றை அமைத்தது. அஃது ஆபத்தைப் பற்றிப் பேசாது. உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது, நாளைத் திருத்துக என்று மட்டும் சொல்லும்.

இச்செய்தியைப் படித்த பிறகு, பழைய நிலையத்துக்கு மீண்டும் ஒரு முறை போக நேர்ந்தது. கணினி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் அங்கே இருந்தார். அந்தத் தாளைக் காட்டிக் கேட்டேன். அவர் சிரித்தார். கணினியின் உள்ளே நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று உண்டாம். அது செத்துப்போயிருந்ததால், மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் நாள் பல ஆண்டுகள் பின்னே போய்விடுமாம். சில ரூபாய் விலையுள்ள மின்கலத்தை மாற்றிய பிறகு சிவப்புப் பக்கம் வந்ததில்லை என்றார். தாளை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்றார்.