தோட்டத்துக் கோயிலும் தார ஸ்தாயியும்

ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர், கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917-ஆம் ஆண்டு மலாயாவின் முதல் செம்பனைத் தோட்டத்தை உண்டாக்கினார் என்பதைச் சரித்திர நூல்கள் மறவாமல் குறிக்கின்றன. ஆனால் அந்தப் பிரதேசத்தில் காடழித்துப் பால்மரமும் செம்பனையும் வளர்த்த தமிழர்கள், லயங்களுக்கு அருகே மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பி, தப்பும் உருமியும் முழங்கிய உற்சவத்துக்கு, கைப்பொருள் கூடியபோதெல்லாம் நாகஸ்வரமும் தவிலும் அமர்த்திக்கொண்ட சங்கீத வரலாறு, அந்நூல்களில் இடம்பெறவில்லை.

டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீண்ட பாரி நாகஸ்வரத்தைப் பிரசித்தமாக்குவதற்கு முன்பு, தமிழ்நாட்டில் வழங்கியது உயர்ந்த சுருதியுடைய குட்டையான திமிரி நாகஸ்வரமே. ஆதலால் ரப்பர் செழித்த ஆரம்ப காலத்தில் கடல் கடந்தவர்களின் காதில் ஊறியிருந்த நாதமும் அதுவே என்று கருத இடமுண்டு. ஒலிபெருக்கி இல்லாத வெளியில், சுவாமி புறப்பாட்டின்போது, கடைசி லயம்வரை எட்டுவதற்கு அதன் கூர்மை பெரிதும் உதவும்.

அவ்வாத்தியத்தில் விரல் படும் துளைகள் ஏழே. மேல் ஸ்தாயிக்கென்று தனியான சாவி கிடையாது. மத்திய ஸ்தாயியில் பிடித்த அதே விரல்களோடு, ஈரத்தில் பதமான சீவாளியை உதடுகளால் சற்றே இறுக்கி மூச்சை வலுப்படுத்தினால், ஸ்வரம் தார ஸ்தாயிக்கு ஏறுகிறது. அளவு தவறினால் அபஸ்வரம் பிறக்கிறது.

இதனோடு ஒப்பிடத்தக்க மேல்நாட்டு வாத்தியம் ஒன்று உண்டு. 1846-இல் பாரிஸில் அடால்ஃப் சாக்ஸ் காப்புரிமை பெற்ற சாக்ஸபோனும், நாகஸ்வரத்தைப் போலவே, போகப்போக விரியும் குழலுடையது. அதில் ஸ்தாயி மாற்றும் சாவி உண்டெனினும், சாவிகள் தரும் எல்லை ஏறத்தாழ இரண்டரை ஸ்தாயிதான். அதற்கும் மேலே செல்ல விரும்புகிறவன், வழக்கமான பிடிகளை விட்டு, நடுவே ஒரு துவாரத்தைத் திறந்து வேறு சிலவற்றை மூடும் மாற்றுப் பிடிகளால், குழலுக்குள் அடங்கிக் கிடக்கும் மேல் அனுஸ்வரங்களை எழுப்பவேண்டும். சாக்ஸபோன் கலைஞர் சிகுர்ட் ராஷர் 1941-இல் இதற்கென்றே பயிற்சி நூல் வெளியிட்டார். ஆயினும் பிடியை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு அந்த ஸ்வரம் கைகூடாது; நாவையும் தொண்டையையும் முன்கூட்டியே அதற்கு இசைய அமைத்துக்கொள்ளவேண்டும் என்பதை, 2008-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் வாசிப்பவர் வாய்க்குள்ளேயே அளந்து நிரூபித்தனர். விரலால் அன்றி, உதட்டாலும் மூச்சாலும் தார ஸ்தாயியை எட்டிய நம் நாகஸ்வரக்காரர்கள் அநுபவத்தால் அறிந்திருந்ததும் ஏறக்குறைய இதுவே.

ஆகவே, மைசூர் அரண்மனை வாத்திய கோஷ்டியில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதில் கர்நாடக சங்கீதத்தின் கமகங்களைப் பேசவைத்த கத்ரி கோபால்நாத், தென் கன்னடத்து நாகஸ்வரக்காரரின் மகனாயிருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 1994-இல் அவர் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் வாசித்தார். அவ்வாண்டே வெளியான, அவருடைய வாசிப்பு இடம்பெற்ற 'டூயட்' திரைப்படத்தின் வாயிலாக, அவ்வாத்தியம் கடல் கடந்த தமிழர் வீடுகளிலும் புகுந்தது.

தோட்டங்கள் பல அழிந்து வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மலேசியக் கோயில்கள் பலவற்றில் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வரும் வித்துவான்களே வாசிக்கின்றனர். வடசிலாங்கூர் ஆலய நிர்வாகிகளுக்கு என் விண்ணப்பம் இது: அவ்வித்துவான்கள் இங்கே தங்கும் காலத்தில், உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரையாவது அவர்களிடம் சிக்ஷைக்கு அமர்த்துங்கள். சாக்ஸபோன்தான் வேண்டும் என்று கேட்கும் பிள்ளையையும் தடுக்கவேண்டாம். முதலில் சீவாளியில் மூச்சுப் பழகட்டும்.