பழமையும் புதுமையும்: ஒரு பந்தயக் காரின் வரலாறு

அழிந்த பொருளை மீண்டும் ஆக்குவது மனிதனின் பழைய ஆசை. ஆனால் அவ்வாறு ஆக்கப்பட்டது பழையதா, புதியதா? வரலாறு பயிலும் மாணவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா இது. பந்தயக் கார் ஒன்றின் வரலாறு இவ்வினாவைத் தெளிவாக நம்முன் வைக்கிறது.

பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் 1923 ஆம் ஆண்டில் தொடங்கியது. விரைவை மட்டுமன்றி உறுதியையும் சோதிக்கும் பந்தயம் அது. 1967 இல் அங்கு வென்ற ஃபோர்டு கார் 5,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிற்று. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அத்தொலைவை ஒரு பகலும் ஓர் இரவுமாக 130 தடவை கடப்பதற்கு அது ஒப்பாகும். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2012 இல் இப்பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவருடைய அணி ஆறாம் இடம் பெற்றது.

1966 இல் லெ மானில் முதல் மூன்று இடங்களையும் ஃபோர்டு பெற்றது. தோல்வியுற்ற இத்தாலிய ஃபெராரி நிறுவனம், 1967 பிப்ரவரியில் அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் தனதாக்கிக்கொண்டது. முதலில் வந்த கார் 0846 என்னும் எண் கொண்டது. அதே ஆண்டு லெ மானில் அது தீப்பற்றியது. பின்னர் அது கழிக்கப்பட்டுவிட்டதென நிறுவனம் கூறிற்று.

ஜேம்ஸ் கிளிக்கன்ஹாஸ் என்னும் அமெரிக்கத் திரைப்பட இயக்குநர், நகல் என்று விற்கப்பட்ட ஒரு காரைப் பின்னாளில் வாங்கினார். அதன் சட்டகத்தில் காணும் அடையாளங்களைச் சான்று காட்டி, 0846 இன் எஞ்சிய பகுதி அதுவே என வாதிட்டார். நிறுவனம் அதனை ஏற்கவில்லை.

அவர் அத்துடன் நிற்கவில்லை. அப்பழைய காரின் வடிவைத் தழுவி, தம் சொந்தச் செலவில், பினின்ஃபரீனா என்னும் புகழ்பெற்ற இத்தாலிய நிறுவனத்தைக் கொண்டு 'பி4/5' என்னும் புதிய கார் ஒன்றை 2006 இல் செய்வித்தார். ஃபெராரி நிறுவனமும் அதற்குத் தன் பெயரை அளித்தது. அதன் பந்தய வடிவம் செர்மனியின் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தில் 2012 இல் பன்னிரண்டாம் இடம் பெற்றது.

இவ்விரு செயல்களுக்கும் உள்ள வேறுபாட்டை நோக்குக. பழையதே இது என்று கூறியபோது வழக்கு எழுந்தது. புதியது இது, பழையதை நினைந்து செய்தது என்றபோது எவரும் மறுக்கவில்லை.

நம் நாட்டில் இந்நெறி புதியதன்று. செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக்கிய சோழ மாதேவி செம்பியன் மாதேவியார், திருக்கோடிகாவில் பழைய சுவர்களை அகற்றியபோது, அவற்றிலிருந்த கல்வெட்டுகளைப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். கோயில் புதிதாயிற்று, பழைய ஆவணம் அழியவில்லை. இவை பழைய கல்லிலிருந்து படியெடுக்கப்பட்டவை என்ற குறிப்பும் உடன் பொறிக்கப்பட்டது.

புதுப்பிப்போர் தம் கைத்திறனை மறைக்கவேண்டுவதில்லை. எது எஞ்சியது, எது சேர்த்தது என எழுதிவைத்தால் போதும். விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டைகளையும் கோயில்களையும் காணச் செல்லும் மாணவர்கள், இக்கல் எந்நாளது, இச்சாந்து எந்நாளது என வினவிப் பழகவேண்டும். அவ்வினாவே வரலாற்றறிவின் தொடக்கம்.