ஆயிரங்கால் மண்டபமும் தூணில்லாத அரங்கும்

விளையாட்டும் பாட்டுக் கச்சேரியும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் பெரிய உள்ளரங்குகளைப் பற்றிப் பேச்சு வந்தால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சென்னை அல்ல. நம் சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபம்தான். நீளம் 300 அடிக்கு மேல். இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றியது இங்கேதான் என்பது மரபு. ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி, மறு சித்திரைத் திருவாதிரை வரை ஓராண்டு நடந்ததாம்.

ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் போய்வந்தவர்களுக்கு ஒன்று தெரியும். மகாபிஷேகம் நடப்பது மண்டபத்தின் முகப்பில். கூட்டம் நிற்பதோ வெளியே, வெட்டவெளியில். உள்ளே உட்கார்ந்தால் தூண்தான் தரிசனம்! இதற்குக் காரணம் கல்லின் குணம். தூணாக நிறுத்தினால் கருங்கல் பெரும் பாரத்தையும் தாங்கும். உத்தரமாகப் படுக்கவைத்து நீளத்தைக் கூட்டினால், அடிப்பக்கம் விரிசல் விட்டு முறிந்துவிடும். அதனால்தான் அடிக்கடி ஒரு தூண்.

அந்தத் தூணை ஒழித்தது எஃகு. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ஆஸ்ட்ரோடோம் 1965இல் திறக்கப்பட்டது. கூரையின் குறுக்களவு 642 அடி. நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. முகமது அலி குத்துச்சண்டை போட்டதும் எல்விஸ் பிரெஸ்லி பாடியதும் அங்கேதான். தெற்காசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி 1995இல் சென்னை பெரியமேட்டில் வந்த நேரு உள்விளையாட்டரங்கமும் அந்த வகைதான். சுமார் 8,000 பேர் உட்காரலாம். யாருக்கும் தூண் மறைக்காது.

ஆனால் கல்கூரையைக் காற்று தூக்காது. எஃகுக் கூரையைத் தூக்கும். 2005இல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் மக்கள் ஆயிரக்கணக்கில் சூப்பர்டோம் அரங்கில் தஞ்சம் புகுந்தார்கள். கூரையின் மேலுறை பிய்ந்து மழை உள்ளே கொட்டியது. பிறகு அவர்களில் பலரைக் கொண்டுபோய்த் தங்கவைத்தது அதே ஆஸ்ட்ரோடோமில்.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலை நாம் மறக்க முடியாது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் தெருவில் தகரங்கள் காகிதமாய்ப் பறந்தன.

ஆகவே நம் கடற்கரையில் பெரிய உள்ளரங்கு கட்டுபவர்கள், எத்தனை நாற்காலி போடலாம் என்று கணக்குப் பார்க்கும் முன், கூரையைக் கீழே எப்படி இறுக்கிக் கட்டப்போகிறோம் என்று பார்க்கட்டும். மற்ற நாளெல்லாம் கைப்பந்தும் கச்சேரியும் நடக்கட்டும். புயலடிக்கும் இரவில் ஊருக்கே அது வீடாக வேண்டியிருக்கும்.