கைது செய்த கை, காக்கும் கை

'காவல்' என்னும் சொல்லுக்குத் தமிழில் முதற்பொருள் காத்தல் என்பதே. பயிரைக் காப்பவன் காவற்காரன். ஊரைக் காப்பது ஊர்க்காவல். ஆயினும் காவல் நிலையத்தின் படியேறுவதென்றால் நம் மக்களின் நெஞ்சு இன்றும் படபடக்கின்றது. காத்தல் என்னும் பொருள் மங்கிப் பிடித்தல் என்னும் பொருளே மேலோங்கி நின்றமைக்குச் சட்டமும் ஒரு காரணம். நம்பிக்கை இழந்து தன் உயிரையே வெறுத்து நின்ற மனிதனையும் குற்றவாளியாக நிறுத்துமாறு காவலருக்கு ஆணையிட்ட சட்டம், நம் நாட்டில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்தது. அது எவ்வாறு வந்தது, எவ்வாறு போனது, அது போன பின்னும் போகாமல் நிற்பது எது என்பதை இங்கே காண்போம்.

கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். முதுகுன்றம் என்னும் பழம்பெயர் கொண்ட இவ்வூர் மணிமுத்தாற்றின் கரையில் உள்ளது. விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என நாற்றிசைப் பாதைகளும் கூடும் இரயில் சந்திப்பு இது. நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் கிடைக்கும் களிமண்ணைக் கொண்டு ஜாடியும் பியூஸ் கட்டையும் பொம்மையும் செய்யும் சூளைகளால் பீங்கான் நகரம் என்று பெயர் பெற்றது. சுற்றுப்புறத்தில் முந்திரியும் நெல்லும் கரும்பும் விளைகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயல் இம்மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. சாய்ந்த மரத்தின் இடத்தில் நட்ட கன்று பலன் தர ஆண்டுகள் ஆகும். வாங்கிய கடனோ அதுவரை பொறுத்திராது. சூளை அணைந்தால் கூலி இல்லை. தேர்வில் தவறிய பிள்ளையின் வெட்கமும் புகுந்த வீட்டில் வதைபடும் பெண்ணின் துயரமும் எல்லா ஊருக்கும் பொதுவானவை. இத்தகைய ஊர்களில் நள்ளிரவில் ஒரு வீட்டில் அபயக்குரல் எழுந்தால், மனநல மருத்துவர் அருகில் இருப்பது அரிது. விளக்கெரியும் அரசு வாசல்கள் இரண்டே: ஒன்று மருத்துவமனை, மற்றொன்று காவல் நிலையம். ஆகவே, உடைந்த மனிதனிடம் முதலில் வந்து சேரும் அந்நியர் பெரும்பாலும் ஒரு காவலரே. அவர் வாய்திறந்து சொல்லும் முதற்சொல் எதுவென்பதில் ஓர் உயிர் அடங்கியிருக்கின்றது.

அந்த முதற்சொல்லை நெடுங்காலம் தீர்மானித்தது 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். மெக்காலே தலைமையில் 1837-இல் வரையப்பெற்று, 1862-இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் 309-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயல்வதை ஓராண்டு வரை வெறுங்காவல் தண்டனைக்கு உரிய குற்றமாக்கியது. ஆங்கிலேயர் தம் நாட்டு வழக்கத்தை ஏட்டிலேற்றி இங்கே கொணர்ந்தனர். அதே ஏடு இலங்கைக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றது. தமிழர் வாழ்ந்த நிலங்கள் பலவற்றிலும் ஒரே விதி ஆண்டது.

விளைவு யாது? உயிர் பிழைத்துக் கட்டிலில் கிடப்பவரிடம் காவலர் வந்து வாக்குமூலம் கேட்பார். வழக்கென்று அஞ்சிச் சில மருத்துவமனைகள் நோயாளியைச் சேர்க்கவே தயங்கின. குடும்பத்தாரோ, 'தவறி விழுந்தான்', 'தெரியாமல் குடித்தான்' என்று மறைத்தனர். மறைத்ததால் மருத்துவருக்கு உண்மை தெரியவில்லை. உண்மை தெரியாததால் மனத்தின் புண்ணுக்கு மருந்து கிடைக்கவில்லை. உயிரைக் காக்க வந்ததாகச் சொல்லப்பட்ட சட்டமே உதவிக்கு வரும் வழியை அடைத்து நின்றது.

இவ்விதியைத் தந்த இங்கிலாந்து 1961-இல் அதனைத் தன் நாட்டில் நீக்கிவிட்டது. நம் சட்ட ஆணையம் 1971-இல் தன் 42-ஆம் அறிக்கையில் நீக்கப் பரிந்துரைத்தது. அதற்கான மசோதா 1978-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. ஆனால் மக்களவை கலைக்கப்பட்டதால் அது காலாவதியாயிற்று. அதன் பின் நீதிமன்றங்கள் பேசின. அவற்றுள் 1986-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் 309-ஆம் பிரிவு செல்லாதென்று அளித்த தீர்ப்பு நம் கவனத்துக்கு உரியது. ஏனெனில் அவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு நின்றவர் ஒரு காவலர். சாலை விபத்தொன்றில் காயமுற்று, பின்னர் மனநோய்க்கு ஆளாகி, குடும்பத்தின் பிழைப்புக்கு வழிதேடி மாநகராட்சி அலுவலகம் சென்றவர் அவர். யாரைக் கொண்டு இச்சட்டத்தை நிறைவேற்றினார்களோ, அவர்களுள் ஒருவரே அதன் வாயில் அகப்பட்டார். சீருடை அணிந்தவருக்கும் மனம் உண்டு என்பதை நாடு அறிந்துகொள்ள அந்த வழக்கு ஒரு வாய்ப்பாயிற்று.

1994-இல் உச்சநீதிமன்றமும் அப்பிரிவு செல்லாதென்றது. ஆனால் 1996-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்தீர்ப்பை மாற்றிப் பிரிவை மீண்டும் உயிர்ப்பித்தது. சட்ட ஆணையம் 2008-இல் 210-ஆம் அறிக்கையில் மறுபடியும் நீக்கச் சொன்னது. இவ்வாறு சட்டம் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், சட்டத்துக்கு வெளியே வேறொரு பணி தொடங்கியிருந்தது.

1953-இல் இலண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார், துயருற்றோர் தொலைபேசியில் அழைத்துப் பேசலாம் என்று அறிவித்துத் தொடங்கியதே 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு. அவ்வழியில் கொழும்பில் 1974-இல் 'சுமித்ராயோ' தோன்றியது. சென்னையில் 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சினேகா'வை நிறுவினார். அறிவுரை கூறாமல், கண்டிக்காமல், செவிசாய்த்துக் கேட்பதே இவ்வமைப்புகளின் முறை.

வெறும் பேச்சு உயிரைக் காக்குமோ என்று ஐயுறுவோர்க்கு விடை கிடைத்துள்ளது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கரஜ், சீனத்தின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில் ஓர் ஆய்வு நடத்தி 2008-இல் முடிவை வெளியிட்டது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தரப்பட்டது. மற்றப் பிரிவினரிடம் அத்துடன் ஒரு மணி நேரம் அமர்ந்து பேசினர். பின்னர் பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ நலம் விசாரித்தனர். முதற்பிரிவில் தற்கொலையால் இறந்தோர் நூற்றுக்கு 2.2, பேசி விசாரிக்கப்பட்ட பிரிவில் 0.2. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. 'நலமா?' என்று கேட்க ஒரு மனிதர் இருந்தார், அவ்வளவே.

விருத்தாசலம் இருக்கும் இதே மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில் பகுதியில் மற்றொரு முயற்சி நடந்தது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொதுவிடத்தில் அமைத்த பெட்டகங்களில் பூட்டிவைக்கச் செய்தனர். 2013-இல் வெளியான அதன் அறிக்கை நம்பிக்கை தருவதாகவே இருந்தது. வெறுப்பின் உச்சம் பெரும்பாலும் சிறிது பொழுதே நிற்கும். அப்பொழுதைக் கடத்திவிட்டால் மனிதர் மீள்வர் என்பதே இவ்விரண்டு முயற்சிகளும் கூறும் பாடம்.

அப்பொழுதைக் கடத்தும் பணியைக் காவலரிடமே ஒப்படைத்த நகரம் ஒன்றுண்டு. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1987-இல், மனநலம் குன்றிய மகனுக்கு உதவி வேண்டித் தாய் காவல்துறையை அழைத்தார். வந்த காவலர்களின் துப்பாக்கிக்கு மகன் பலியானார். ஊர் கொதித்தது. அதன் பயனாக 1988-இல் காவல்துறையினரும் மருத்துவர்களும் பல்கலைக்கழகத்தாரும் நோயாளிகளின் குடும்பத்தாரும் கூடி ஒரு தனிக்குழுவை அமைத்தனர். தாமாக முன்வந்த காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி தரப்பட்டது. அழைத்து வரப்படுபவரைத் தாமதமின்றி ஏற்க ஒரு மருத்துவமனையும் உடன்பட்டது. இந்த இரண்டாவது ஏற்பாடு இல்லையேல் முதலாவது வீணாகியிருக்கும். கனிவாகப் பேசி அழைத்து வரும் காவலர், மருத்துவமனை வாசலில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்தால், அடுத்த முறை அவர் கனிவை மறந்துவிடக்கூடும்.

நம் நாட்டிலோ 1912-ஆம் ஆண்டுப் பைத்தியக்காரர் சட்டம், தெருவில் திரியும் மனநோயாளியைக் கைது செய்யும் அதிகாரத்தையே காவலருக்குத் தந்திருந்தது. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைச் சற்று மென்மையாக்கியது. ஆயினும் சங்கிலிகள் கழலவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று நம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் மாண்டனர். அது நாட்டுக்கே தலைகுனிவு. தர்காவை நாடி நோயாளிகளைக் கொண்டு சென்ற நம் சமுதாயத்துக்கோ இருமடங்குத் தலைகுனிவு. மருத்துவத்தை மறந்தது நம் மரபன்று. ஹிஜ்ரி மூன்று, நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலத்தோடு உள்ளத்தின் நலத்துக்கும் தனிப்பகுதி வகுத்து நூல் எழுதினார். காரணமறிந்த துயரத்தையும் காரணமறியாத துயரத்தையும் பிரித்துக் காட்டினார். அத்தகைய முன்னோரின் வழிவந்த நாம், நோயைப் பேயென்று கருதிக் கட்டிப்போட்டோம்.

இறுதியில் 2017-இல் மனநலப் பாதுகாப்புச் சட்டம் பிறந்து 2018-இல் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவர், மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, கடும் மனவழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்படவேண்டும். அவரை விசாரித்துத் தண்டிக்கலாகாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று அதன் 115-ஆம் பிரிவு கூறுகின்றது. 100-ஆம் பிரிவின்படி, மனநோயால் தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவரைக் காவலர் தம் பாதுகாப்பில் ஏற்று 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு செல்லவேண்டும். சிறையிலோ காவல் நிலையக் கொட்டடியிலோ அடைக்கக்கூடாது. காவலர்க்கு அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி தரவேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டமே அகன்று பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது, 309-ஆம் பிரிவு அதில் இடம்பெறவில்லை. இதற்குள் இலங்கை 1998-இலும் சிங்கப்பூர் 2020-இலும் பாகிஸ்தான் 2022-இலும் மலேசியா 2023-இலும் தத்தம் விதிகளை நீக்கிக்கொண்டன.

எனினும் ஒரு வால் எஞ்சியிருக்கின்றது. அரசு ஊழியரைப் பணிய வைக்கவோ கடமையிலிருந்து தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது, புதிய சட்டத்தின் 226-ஆம் பிரிவின்படி இன்றும் குற்றமே. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலக வாசலில் மனுவோடு வருவோரின் பைகளைக் காவலர் சோதிப்பதைத் தமிழகம் அறியும். ஆண்டுக்கணக்காக மனுக்கொடுத்து அலுத்தவரின் கதறல், மிரட்டலா, முறையீடா? அதை அந்த நொடியில் பிரித்தறியவேண்டியவர் வாசலில் நிற்கும் காவலரே. ஆகவேதான் சட்டம் மாறினால் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்கின்றோம்.

அப்பயிற்சி மந்திரமன்று. காவல்துறையினர்க்கும் தீயணைப்போர்க்குமென உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஒரு கையேடே வெளியிட்டுள்ளது. அவசரப்படாதிருத்தல், கூட்டத்தை விலக்குதல், தம் பெயரைச் சொல்லி அவர் பெயரைக் கேட்டல், குறுக்கிடாது செவிமடுத்தல், 'இறக்க எண்ணுகிறீர்களா?' என்று ஒளிவின்றி வினவுதல், தனியே விடாதிருத்தல், ஆபத்தானவற்றை அகற்றுதல், நம்பிக்கைக்குரிய ஒருவரிடமோ மருத்துவரிடமோ ஒப்படைத்தல்: இவையே அடிப்படை. அவ்வாறு வினவினால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்பது வீண் அச்சம். கேட்பதற்கு ஒருவர் வந்தாரே என்னும் ஆறுதலே பெரும்பாலும் விளையும். இதைச் செய்யும் காவலரின் மனத்தையும் நாம் மறக்கலாகாது. ஓய்வின்றிப் பணியாற்றிப் பிணங்களையும் அழுகைகளையும் நாளும் காண்பவர் அவர்; அவருடைய துயரைக் கேட்கவும் ஒரு செவி வேண்டும்.

இனி நம் பங்கு. சட்டம் போன பின்னும் போகாமல் நிற்பது மக்களின் அச்சம். 'கேஸாகிவிடும்', 'ஜமாஅத்தில் தெரிந்தால் தலைகாட்ட முடியாது', 'பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது' என்று வீடுகள் இன்றும் மூடிக்கொள்கின்றன. தன்னுயிரைப் போக்குவதை மார்க்கம் விலக்கியிருக்கின்றது என்பது உண்மை. அந்த விலக்கு, விழப்போகிறவரைத் தாங்கிப் பிடிக்க நம்மை ஏவுவது. விழுந்து பிழைத்தவரை ஏசுவதற்கு உரிமை தருவதன்று. வெள்ளிக்கிழமை மேடைகளில் கடனையும் கல்யாணச் செலவையும் பேசுவோர் இதனையும் பேசட்டும். பிழைத்து வந்தவர்மீது வழக்கில்லை, அவருக்குச் சிகிச்சை உரிமை உண்டு என்பதை ஊர்தோறும் சொல்லட்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனாஸ் மையத்தின் 14416 என்னும் இலவச எண்ணையும், தமிழக அரசின் 104 என்னும் எண்ணையும் பள்ளிவாசல் பலகையில் எழுதி வைக்கட்டும். விருத்தாசலத்துச் சூளைத் தெருவிலும் சந்திப்பு நிலையத்து நடைமேடையிலும் நிற்கும் காவலரிடம், 'ஐயா, ஓர் உயிர் தவிக்கிறது, வாருங்கள்' என்று அஞ்சாமல் ஓடிச்சென்று சொல்ல மக்களால் முடியும் நாளிலேயே, காவல் என்னும் சொல் தன் பழைய பொருளை மீட்டுக்கொள்ளும்.