அங்குஸ்தான்: விரலுக்கு ஒரு பீங்கான் தொப்பி

விருத்தாசலத்தில் அத்தை வீட்டுத் தையல் பெட்டி ஒரு பழைய பிஸ்கட் டப்பா. திறந்தால் நூல்கண்டு, குண்டூசி, துருவேறிய கொக்கிகள், கிழிந்த சட்டைகளிலிருந்து வெட்டியெடுத்த பொத்தான்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பித்தளைக் குப்பி கிடக்கும். விரல் நுனி அளவுதான் இருக்கும், உடம்பெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். சிறுவயதில் அதைப் பொம்மைக்குத் தம்ளராக வைத்து விளையாடியிருக்கிறேன். "அங்குஸ்தானை எங்கடா போட்டே?" என்று அத்தை கேட்கும்போதெல்லாம், ஆப்கானிஸ்தான், பலுசிஸ்தான் வரிசையில் அதுவும் ஒரு நாடு என்றே நினைத்திருந்தேன்.

நாட்டுப் பெயர்களின் கடைசியில் வரும் 'ஸ்தான்' இடத்தைக் குறிப்பது. அங்குஸ்தானில் அது இல்லை. பாரசீகத்தில் அங்குஷ்த் என்றால் விரல். விரலுக்கானது அங்குஷ்தானா, விரலில் போடும் மோதிரம் அங்குஷ்தர். சமஸ்கிருதத்தில் அங்குஷ்துக்கு உடன்பிறப்பு அங்குஷ்டம். அங்கே பொருள் சுருங்கிக் கட்டைவிரலை மட்டும் குறிக்கிறது. விரல் அகலத்தை அளவாக வைத்த அங்குலமும் இந்தக் குடும்பம்தான். தையற்காரரின் டேப்பில் இருக்கும் அங்குலமும் அவர் விரலில் இருக்கும் அங்குஸ்தானும் உறவுக்காரர்கள் என்பது அவருக்கே தெரியாமல் போகலாம். யானைப்பாகனின் அங்குசம் ஒலியில் நெருங்கி வந்தாலும் நேர்ப்பொருள் வேறு. அது கொக்கி.

ஆங்கிலேயர்கள் இதன் பெயரைக் கட்டைவிரலில் இருந்து பிடித்தார்கள். திம்பிள் என்ற சொல்லுக்குள் இருப்பது தம்ப். ஜெர்மானியர்கள் ஃபிங்கர்ஹூட் என்கிறார்கள், விரல் தொப்பி. அதே பெயர் கொண்ட ஒரு பூச்செடிக்கு 1542இல் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் லத்தீனில் டிஜிட்டாலிஸ் என்று பெயர் வைத்தார். இதய நோய்க்கு மருந்து கொடுத்த செடி அது. மருந்துச் சீட்டிலும் ஒரு அங்குஸ்தான் ஒளிந்திருக்கிறது.

நம் ஊர்த் தையற்கடை ஒரு சொற்சந்தை. ஊசியும் நூலும் நம்முடையவை. பொத்தான் போர்ச்சுகீசியரோடு கப்பலில் வந்தது. பொத்தானுக்குத் துளை போடும் காஜாவும் வெளியிலிருந்து வந்து, 'காஜா பையன்' என்று ஒரு வேலைக்கே பெயராகிவிட்டது. மெஷின் ஆங்கிலம். ஆற்காட்டு நவாபு காலத்தில் ஜில்லாவும் தாலுகாவும் வசூலும் வந்த வழியில், பாரசீகமும் உருதுவும் பேசிய கைகளோடு அங்குஸ்தானும் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அதற்கு முன் தமிழர்கள் தைக்கவில்லை என்று சொல்ல முடியாது. சிலப்பதிகாரத்துப் புகார் வீதியில் துன்னகாரர் இருக்கிறார்கள், துணி தைப்பவர்கள். துன்னம் என்றால் தையல். விரலுறைக்கும் தமிழில் சொல் உண்டு, புட்டில். ஆனால் அது நாண் உரசிப் புண்ணாகாமல் இருக்க வில்லாளி மாட்டிக்கொண்டது. வால்மீகியின் ராமலட்சுமணர்கள் விசுவாமித்திரரோடு கிளம்பும்போது உடும்புத்தோல் விரலுறை அணிந்து போகிறார்கள். புலவர்கள் பாடியது வில் பிடித்த விரலை. ஊசி பிடித்த விரலுக்குப் பெயர் வெளியூரிலிருந்து வரவேண்டியிருந்தது. இப்போது 'விரல் உறை', 'விரல் கவசம்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். நல்ல சொற்கள்தான். கடையில் போய்க் கேட்டால் ரப்பர் உறையை எடுத்து நீட்டுவார்கள்.

அத்தைக்கு எழுபத்தைந்து முடிந்தபோது பீங்கானில் ஒரு அங்குஸ்தான் செய்து கொடுக்கலாம் என்று தோன்றியது. விருத்தாசலத்துக்காரனுக்குப் பீங்கானை விட்டால் வேறு என்ன தோன்றும்? முதுகுன்றம், பழமலை என்ற தமிழ்ப் பெயர்களை வடமொழியில் மாற்றி வைத்த ஊர் இது. கோயிலுக்கு வருகிறவர்கள் பழமலைநாதரைப் பார்க்க வருகிறார்கள். மற்றவர்களுக்கு இது 'செராமிக்' ஊர். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் கிடக்கிறது. இங்கே தொழிற்பேட்டைப் பட்டறைகளில் பொம்மைகளும் விளக்குகளும் மின்சாரப் ப்யூஸ் கட்டைகளும் வார்க்கிறார்கள். பில் கட்டாத வீட்டில் மின்வாரிய ஊழியர் 'பீஸைப் பிடுங்கும்போது' கையோடு வருகிறதே வெள்ளைக் கட்டை, அதுதான்.

பீங்கான் என்ற சொல்லும் பாரசீகம்தான். பிங்கான் என்றால் கிண்ணம். அரபியில் p, g ஒலிகள் இல்லாததால் அங்கே ஃபின்ஜான் ஆகிக் காப்பிக் கோப்பையானது. மலாயில் பிங்கான் என்றால் தட்டு. நம்மிடம் வந்தபோது பாத்திரத்தின் பெயர் அது செய்யப்பட்ட பொருளுக்கு ஏறிவிட்டது. ஈரானில் கால்வாய்த் தண்ணீரை முறைவைத்துப் பங்கிட, அடியில் துளையிட்ட செம்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது மூழ்கும் நேரத்தைக் கணக்கு வைத்துவந்தார்கள். அந்தக் கிண்ணத்துக்கும் இதே பெயர். முல்லைப்பாட்டில் பாசறையில் நாழிகை பார்ப்பவர்கள் வைத்திருக்கும் கன்னல் என்ற நீர்க்கடிகாரத்தை நினைத்துக்கொண்டேன்.

பீங்கான் அங்குஸ்தான் என் கண்டுபிடிப்பு அல்ல. ஜெர்மனியின் மைசென் ஆலையில் 18ஆம் நூற்றாண்டிலேயே பூக்களும் துறைமுகக் காட்சிகளும் தீட்டிச் செய்திருக்கிறார்கள். பெண்களுக்குப் பரிசாகக் கொடுப்பது. வழவழப்பு பட்டு நூலைச் சிக்கவிடாது. கீழே விழுந்தால் மட்டும் கதை முடிந்தது.

தெரிந்த ஒருவருடைய பட்டறையில் இடம் கேட்டேன். முறை எளிது. பிளாஸ்டர் மோல்டுக்குள் மண்கூழை ஊற்ற வேண்டும். பிளாஸ்டர் நீரை உறிஞ்ச உறிஞ்ச ஓரமாக ஒரு தோல் படியும். 2 மில்லிமீட்டர் படிந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடு நிற்கும். தொப்பி என்ற ஜெர்மன் பெயர் மனதிலேயே இருந்ததால், கொலுவில் உட்காரும் செட்டியாரின் தலைப்பாகையாக மேல் பாதியைச் செய்தேன். கீழ்ப்பாதியில் மீசையும் கண்ணும். விரலில் மாட்டினால் விரலே செட்டியாராகிவிடும்.

குழி போடுவதில்தான் பாடம் கற்றேன். அங்குஸ்தானின் உயிர் அந்தக் குழிகள், ஊசியின் காது வழுக்காமல் உட்காரும் இடம். பாதி காய்ந்த மண்ணில் தீர்ந்துபோன ரீஃபில் முனையால் வரிசையாகக் குத்தினேன். மேலே கிளேஸ் பூசிச் சுட்டதும் அது உருகி ஓடிக் குழிகளையெல்லாம் நிரப்பிவிட்டது. ஊசி சறுக்கியது. அதைவிடப் பெரிய தவறு ஒன்று. அத்தையின் நடுவிரலில் நூலைச் சுற்றி அளந்திருந்தேன், 54 மில்லிமீட்டர். அந்த அளவுக்கே வார்த்துவிட்டேன். 1,200 பாகைக்கு மேல் சூளையில் வெந்து வந்தபோது செட்டியார் இளைத்திருந்தார். "மண்ணு நூத்துக்குப் பன்னெண்டு சுருங்கும் சார், சொல்லலையா?" என்றார் பட்டறைக்காரர். சொல்லவில்லை. பன்னிரண்டு சதம் கூட்டினாலும் போதாது, 0.88ஆல் வகுக்க வேண்டும். 61 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். அதற்கும் மேல் சுவர்க்கனம், கிளேஸ் கனம். விரலை அளந்த அங்குலம் சூளைக்குள் செல்லுபடியாகாது.

இரண்டாவது சரியாக வந்தது. குழிகள் இருந்த பட்டையைக் கிளேஸ் இல்லாமல் விட்டேன். அடி விளிம்பையும் ஈரத்துணியால் துடைத்தேன், இல்லாவிட்டால் சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும்.

அத்தை மாட்டிப் பார்த்தார். தம்ளர் விளிம்பில் தட்டிச் சத்தம் கேட்டார். பழைய புடவையில் நாலு ஓட்டு ஓட்டிவிட்டு, "நல்லாத்தான் போவுது. ஆனா இதைப் போட்டுக்கிட்டு தைக்க பயமா இருக்குடா, உடைஞ்சிட்டா?" என்று கழற்றிக் கொலுப்பெட்டி மேல் வைத்துவிட்டுப் பிஸ்கட் டப்பாவிலிருந்து பித்தளையை எடுத்துக்கொண்டார்.

இளைத்த செட்டியாரை அத்தையின் பேத்தி எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகப் போட்டுப் பார்த்தாள். எல்லாவற்றிலும் தொளதொளத்தது, கட்டைவிரலில் கச்சிதமாக உட்கார்ந்தது. "பாட்டி, இது பேரு என்ன?"

"அங்குஸ்தான்."

"அது எந்த நாடு?"