வேடம் ஒன்று, ஆள் வேறு

'மலைக்கள்ளன்' என்றதும் நமக்கு எம்.ஜி.ஆரின் முகம்தான் நினைவுக்கு வரும். ஊருக்குள் பெரிய மனிதராகவும் மலைக்குள் கொள்ளைக்காரனாகவும் வாழும் அந்த ஆசாமி, கோவைக்கு வருவதற்கு முன்பே பல பேர் உடம்பில் குடியிருந்து பார்த்தவன்.

1903இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 'ஸ்கார்லெட் பிம்பர்னல்' நாடகம் அரங்கேறியது. எழுதியவர் ஹங்கேரியில் பிறந்த பரோனஸ் ஆர்க்சி. நாயகன் சபையில் அசட்டுப் பிரபு. மறைவில், பிரெஞ்சுப் புரட்சியின் கில்லட்டினிலிருந்து உயிர்களை மீட்கும் வீரன். 1919இல் ஜான்ஸ்டன் மெக்கல்லி என்ற அமெரிக்கத் தொடர்கதை எழுத்தாளர் இதே அசடு வேடத்தைப் பழைய கலிபோர்னியாவில் உலவவிட, சோரோ பிறந்தான். இரண்டாம் பாகம் எழுதும் எண்ணமே மெக்கல்லிக்கு இல்லை. அதனால் கதை முடிவில் எல்லார் கண்ணெதிரிலும் முகமூடியைக் கழற்ற வைத்தார். மறு ஆண்டே டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த ஊமைப்படம் சக்கைப்போடு போட்டது. மெக்கல்லி அடுத்த கதையை எழுத உட்கார்ந்தார், முகமூடி கழன்ற சங்கதியே நடக்காததுபோல!

1940இல் அந்த முகமூடி டைரோன் பவருக்குப் போனது. அந்தப் படத்தின் வெற்றியில் குளிர்காய நினைத்த ரிபப்ளிக் நிறுவனம், 1944இல் 'சோரோஸ் பிளாக் விப்' என்று 12 பாகத் தொடர்படம் எடுத்தது. தலைப்பில் இருக்கும் சோரோ கதையில் இல்லை. முகமூடி மாட்டிச் சாட்டை சுழற்றியவர் லிண்டா ஸ்டர்லிங் என்ற நடிகை. இந்திய ரசிகர்களுக்கு அது பழைய செய்தி. 1935இலேயே 'ஹண்டர்வாலி'யில் ஆஸ்திரேலியாவில் பிறந்த நாடியா முகமூடியும் சாட்டையுமாகக் குதிரை ஏறிவிட்டார்.

கொங்கு நாட்டில் இதே சாயலுள்ள ஒரு கள்ளனை எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. அந்த நாவலைப் படமாக்கியவர் கோவை பட்சிராஜா ஸ்டுடியோ அதிபர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு. காங்கிரஸ் கவிஞரின் கதைக்குத் திரைக்கதை வசனம் எழுதியது தி.மு.க.வின் மு. கருணாநிதி! 1954இல் வெளியான படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது.

பிறகு நாயுடு தன் படத்தைத் தானே நகலெடுக்க ஆரம்பித்தார். அதே 1954இல் தெலுங்கு 'அக்கி ராமுடு'. நாயகி இரண்டிலும் பானுமதிதான். நாயகன் மட்டும் என்.டி. ராமராவ். 1955இல் இந்தி 'ஆசாத்'. சோகப் பாத்திரங்களிலேயே மூழ்கி மனம் சோர்ந்திருந்த திலீப்குமாருக்கு, இலகுவான வேடங்களில் நடிக்கும்படி மருத்துவ ஆலோசனை கிடைத்திருந்தது. மலைக்கள்ளன் அவருக்கு மருந்தானான். பாடல்களை ஒரு மாதத்துக்குள் கேட்டதும் நௌஷாத் மறுத்துவிட, சி. ராமச்சந்திரா முடித்துக் கொடுத்தார்.

ஒரு வெற்றியைத் திரும்பத் திரும்ப விற்ற வியாபாரி என்று நாயுடுவைச் சுருக்கிவிடக் கூடாது. அந்தந்த மொழி ஜனங்களுக்குப் பிடித்த முகத்தைத் தேடிப் பிடித்து வேடம் மாட்டிய கைத்திறன் அவருடையது. 1957இல் மலையாளத்துக்கு சத்யன், 'தஸ்கரவீரன்'. கன்னடத்துக்கு கல்யாண்குமார், 'பெட்டத கள்ள'. அதே ஆண்டில் நாமக்கல்காரரின் கள்ளன் கடலையும் தாண்டி, 'சூரசேனா'வாகச் சிங்களம் பேசினான்.