பச்சையா இருந்தா போதுமா? இங்கிலாந்து தொலைத்த பூ வயல்களின் கதை

இங்கிலாந்து கிராமம்னு கூகுள்ல ஒரு தடவை தேடிப் பாருங்க. கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் பச்சைப் புல், நடுவுல நாலு ஆடு. ரொம்ப அழகா இருக்கும். ஆனா அதுல பெரும்பாலான படங்கள்ல ஒரு பூ கூட இருக்காது. நூறு வருஷத்துக்கு முன்னாடி அதே வயல்ல ஜூன் மாசம் நின்னிருந்தா மஞ்சள், ஊதா, வெள்ளைன்னு முழங்கால் உயரத்துக்குப் பூ இருந்திருக்கும்.

1930களுக்கும் 1980களின் நடுப்பகுதிக்கும் இடையில், இங்கிலாந்தும் வேல்ஸும் தங்களுடைய பூ வயல்களில் சுமார் 97 சதவீதத்தை இழந்துவிட்டன. ஐம்பதே வருஷம். எப்படிப் போச்சு, திரும்பக் கொண்டு வர முடியுமா? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்ல ஒரு விஷயம். இந்தப் பூ வயல்கள் காடு மாதிரி தானா வளர்ந்தவை இல்லை, மனுஷங்க உருவாக்கினவை. குளிர்காலத்துல மாட்டுக்கும் குதிரைக்கும் தீனி வேணும். அதனால வசந்த காலத்துல மாடுகளை வெளியேத்திட்டு வயலை அப்படியே விட்டுடுவாங்க. பூத்து, விதை விழுந்த பிறகு, ஜூலை வாக்கில் அறுத்துக் காயவைத்து வைக்கோல் மாதிரி சேர்த்து வைப்பாங்க. அப்புறம் மாடுகள் மறுபடி மேயும். பல நூறு வருஷமா இதே சுழற்சி. அறுக்கிறதை நிறுத்தினா சில வருஷத்துல புதர் மண்டிடும்.

இதுல இன்னொரு ட்விஸ்ட். வருஷா வருஷம் அறுத்து எடுத்துட்டுப் போறதால மண்ணுல சத்து குறைஞ்சுக்கிட்டே வரும். பூச்செடிகளுக்கு அதுதான் வேணும். சத்து அதிகமானா முரட்டுப் புல் வேகமா வளர்ந்து மத்ததையெல்லாம் அமுக்கிடும். ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856ல் ஆரம்பித்த ஒரு சோதனை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. உரமே போடாத பாத்திகளில் ஏறக்குறைய 40 வகைத் தாவரங்கள். வருஷக்கணக்கா நைட்ரஜன் உரம் கொட்டி மண் அமிலமாகிப்போன பாத்திகளில் இரண்டு மூணு வகைதான் மிச்சம். அதாவது, உரம் போட்டா என்ன ஆகும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும்.

தெரிஞ்சும் ஏன் போட்டாங்க? பசி. இரண்டாம் உலகப்போருக்கு முன்னாடி பிரிட்டன் தன் உணவில் பெரும்பகுதியைக் கப்பலில்தான் இறக்குமதி செய்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிச்சா நாடே பட்டினி. அதனால 1939ல், போர் தொடங்குவதற்கு முன்பே, பழைய புல்வெளியை உழுதால் ஏக்கருக்கு 2 பவுண்ட் மானியம்னு அரசு அறிவித்தது. போர் வந்ததும் மாவட்டக் கமிட்டிகள் உழச் சொல்லி உத்தரவே போட்டன. ஒழுங்கா விவசாயம் செய்யாதவங்க கிட்டயிருந்து நிலத்தைப் பறிக்கவும் அவங்களுக்கு அதிகாரம் இருந்தது.

அந்த முடிவை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா போர் முடிஞ்ச பிறகும் வண்டி நிக்கல. 1947 வேளாண்மைச் சட்டம் விளைச்சலுக்கு உறுதியான விலை கொடுத்தது. செயற்கை உரம் பரவலாச்சு. டிராக்டர் வந்ததால குதிரைக்குத் தீனி தேவையில்லை. காய்ந்த புல்லுக்குப் பதில் சைலேஜ் வந்தது. பச்சையா இருக்கும்போதே மே மாசம் அறுத்துடுவாங்க. பூ விதையாக டைமே கிடையாது. எங்க துறை பாஷையில சொன்னா, அவசரத்துக்குப் போட்ட ஹாட்ஃபிக்ஸ் நாற்பது வருஷம் ப்ரொடக்ஷன்ல ஓடுச்சு.

1987ல் அரசே ரூட்டை மாத்தியது. பென்னைன் டேல்ஸ் போன்ற பகுதிகளில் பழைய முறையில் விவசாயம் செய்தால் பணம். ஒரு காலத்துல உழுறதுக்குக் காசு கொடுத்த அதே அரசு, இப்போ உழாம இருக்கக் காசு கொடுத்தது!

ஆனா ஏற்கெனவே அழிஞ்ச வயல்? 2013ல், இரண்டாம் எலிசபெத் முடிசூடி 60 வருஷம் ஆனதை ஒட்டி, அப்போது இளவரசராக இருந்த சார்லஸ் 'கரோனேஷன் மெடோஸ்' திட்டத்தைத் தொடங்கினார். பிளான்ட்லைஃப் உள்ளிட்ட அமைப்புகள் கூட நின்றன. ஐடியா சிம்பிள். ஒவ்வொரு கவுண்டியிலும் தப்பிப் பிழைத்த ஒரு நல்ல பூ வயலைக் கண்டுபிடி. அங்கே விதை முற்றும் நேரத்தில் புல்லை அறு. காயவிடாம, அன்னைக்கே பக்கத்துல மண்ணைக் கிளறித் தயாராக வைத்திருக்கும் வயலில் பரப்பு. அந்தப் புல்லுலேயே விதை எல்லாம் இருக்கு. கடையில் வாங்குற கலவை கிடையாது, அந்த மண்ணுக்கே பழகின உள்ளூர் விதை.

இதுல ஹீரோ யாருன்னா, யெல்லோ ராட்டில்னு ஒரு சின்ன மஞ்சள் பூச்செடி. பாதி ஒட்டுண்ணி. புல்லோட வேர்ல தன் வேரைக் கோத்து, அதோட தண்ணியையும் சத்தையும் உறிஞ்சிடும். புல் பலவீனமாகி மத்த பூக்களுக்கு இடம் கிடைக்கும். காய் காய்ஞ்சா உள்ளே விதை கலகலன்னு சத்தம் போடும். நம்ம ஊர் கிலுகிலுப்பைச் செடி மாதிரியே, பேரும் அதே காரணத்தால வந்ததுதான். சத்தம் கேட்டா அறுவடைக்கு நேரமாச்சுன்னு அந்தக் காலத்து விவசாயிகளுக்குத் தெரியும்.

அப்போ எல்லாம் சரியாயிடுச்சா? இல்லை. பூ சில வருஷத்துல வந்துடும். ஆனா மண்ணுல தேங்கின பாஸ்பேட் போக, பழைய வயல்ல இருந்த அத்தனை வகையும் திரும்பிவர, பல பத்தாண்டுகள் ஆகும். யெல்லோ ராட்டில் மாதிரி விதைகள் மண்ணுக்குள்ள நீண்ட நாள் உயிரோட இருக்காது. அதனால ரீஸ்டோர் பண்ண ஒரே பேக்கப், தப்பிச்ச அந்த மிச்ச வயல்கள்தான். அதுல ஒண்ணை உழுதா, அந்தக் கவுண்டியில நாளைக்கு எங்கேயும் பரப்ப விதை இல்லை.

இந்த எபிசோடுக்காகப் படிச்சப்போ என்னை உறுத்தினது இதுதான். அந்த 3 சதவீதத்தைப் பெரும்பாலும் யாரும் திட்டம் போட்டுக் காப்பாத்தல. உரம் வாங்காத, பழைய வழக்கத்தை மாத்தாத சில விவசாயிகளோட நிலம் அது. அன்னைக்கு ஊரே அவங்களைப் பிழைக்கத் தெரியாதவங்கன்னு நினைச்சிருக்கும். இன்னைக்கு அவங்க வயல்ல இருந்துதான் விதை போகுது.

உங்க ஊர்ல அப்படி யாராவது இருக்காங்களான்னு வீட்டுப் பெரியவங்க கிட்டக் கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.